எதிர் மூலையில் பஞ்சு

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஐந்தாம் வகுப்பில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் 'ரேடியோ'தான். காலையில் பள்ளி வாசலில் பேச ஆரம்பித்தால் மாலையில் வீட்டு வாசலில்தான் நிறுத்துவாள். நடுவில் விளம்பர இடைவேளைகூடக் கிடையாது.

கோட்டைக்குச் சுற்றுலா போன அன்று ரேடியோ இன்னும் கொஞ்சம் சத்தமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், இந்தக் கதவு எத்தன கிலோ இருக்கும்? ராஜாவே திறப்பாரா, இல்ல யாராவது திறந்து விடணுமா? ராத்திரி பூட்டினா சாவி யார்கிட்ட இருக்கும்?"

"ஒவ்வொரு கேள்வியா கேளும்மா. கோட்டை எங்கயும் ஓடிப்போயிடாது," என்றார் வரலாற்று டீச்சர். அவர் கவலை அவருக்கு. முப்பத்திரண்டு பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார். எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் முப்பத்து மூன்று வந்தது. மூன்றாம் முறை எண்ணும்போதுதான், வரிசையின் கடைசியில் நின்று வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பஸ் டிரைவரையும் சேர்த்து எண்ணிவிட்டது தெரிந்தது.

சுற்றுலாவுக்கு டீச்சர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கோட்டையில் ஐந்து இடங்கள். ஐந்து பிள்ளைகள் ஆளுக்கு ஓர் இடத்தைப் பற்றிப் படித்து, எழுதி வந்து, அந்த இடத்தில் நின்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் சுவாரசியமானது கோட்டைக்குள் இருக்கும் ஆழமான கிணறு. அதைத்தான் ரேடியோ கேட்க நினைத்தாள். வாயைத் திறப்பதற்குள் பஞ்சு கையைத் தூக்கிவிட்டாள்.

பஞ்சு ரேடியோவின் உயிர்த்தோழி. தலைமுடி பஞ்சுப் பொதி மாதிரி பொங்கி நிற்பதால் அந்தப் பெயர். பஞ்சுவுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். சில எழுத்துகள் வாசலில் வந்து நின்றுகொண்டு வெளியே வர மறுக்கும். அதனால் வகுப்பில் அவளாகக் கை தூக்கியது அதுதான் முதல் தடவை. டீச்சர் முகம் மலர்ந்து, "சரி, கிணறு உனக்குத்தான்," என்று சொல்லிவிட்டார்.

ரேடியோவுக்கு எந்த இடமும் கிடைக்கவில்லை. "பரவால்ல, நீ நல்லா பண்ணு," என்று வாயால் சொன்னாளே தவிர, மனசுக்குள் ஒரு சின்ன முள் குத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாவது இடம் ஆலோசனை மண்டபம். நாலு மூலைக் கூடம். சுவர்கள் மேலே போகப் போக வளைந்து கூரையோடு சேர்ந்திருந்தன. கோட்டையைச் சுற்றிக் காட்டிய அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்துக்கும் முதலில் விளக்கம் சொல்ல மாட்டார். பார்க்கவிட்டு, அப்புறம்தான் சொல்வார்.

"நாலு மூலைக்கும் ஒருத்தரோ ரெண்டு பேரோ போங்க, மத்தவங்க நடுவுல நில்லுங்க. சுவத்தப் பாத்து நில்லுங்க. ரெண்டு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. அப்புறம் ஒரு ரகசியம் சொல்றேன்," என்றார்.

ரேடியோவுக்கும் அவள் பக்கத்தில் நின்ற கண்ணாடிக்கும் ஒரு மூலை. கண்ணாடி என்பவள் தடிமனான மூக்குக்கண்ணாடி போட்ட பெண். பஞ்சு தனியாக எதிர் மூலைக்குப் போனாள். இரண்டு மூலைக்கும் நடுவே ஒரு பஸ்ஸை நிறுத்தலாம், அவ்வளவு தூரம்.

ரேடியோவைப் பேசாமல் இரு என்பது தண்ணீரைப் பள்ளத்துக்கு ஓடாதே என்பது போலத்தான். அரை நிமிடம் தாக்குப்பிடித்தாள். அப்போது கண்ணாடி காதருகே கேட்டாள்: "அடுத்தது கிணறா? பஞ்சு எவ்வளவு நேரம் பேசுவா?"

ரேடியோ சுவரைப் பார்த்தபடியே கிசுகிசுத்தாள். "அவ பேசி முடிக்கிறதுக்குள்ள இந்தக் கோட்டையே இடிஞ்சு விழுந்துடும், பாரு."

கண்ணாடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரேடியோவுக்குக்கூடத் தன் ஜோக் கொஞ்சம் பிடித்துப்போனது.

இரண்டு நிமிடம் முடிந்தது. அக்கா கையைத் தட்டினார்.

"சுவருக்கும் காது உண்டுன்னு சொல்வாங்கல்ல? இந்த மண்டபத்துல சுவருக்கு வாயும் உண்டு. ஒரு மூலையில கிசுகிசுன்னு பேசினா, சத்தம் சுவரோட வளைவுல ஏறி, கூரை வழியா ஓடி, எதிர் மூலையில இறங்கும். நடுவுல நிக்கிறவங்களுக்குக் கேக்காது. மந்திரிங்க ஒரு மூலையில முணுமுணுப்பாங்க, ராஜா எதிர் மூலையில நின்னு கேட்டுக்கிட்டே இருப்பாராம்!"

எல்லோரும் "ஆ!" என்றார்கள். ரேடியோ மட்டும் மெல்லத் திரும்பி எதிர் மூலையைப் பார்த்தாள்.

"எப்பவும் யாராவது ஒருத்தர் பேசிடுவாங்க. எனக்குத் தெரியாதா?" என்று சிரித்த அக்கா, ராஜா நின்ற மூலையைப் பார்த்துத் திரும்பினார். "சுருட்டை முடிப் பாப்பா, உனக்கு என்ன கேட்டுச்சு? சொல்லு."

பஞ்சு ரேடியோவை ஒரு பார்வை பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"ஒ… ஒண்ணும் கேக்கல," என்றாள் பஞ்சு.

"ஆச்சரியமா இருக்கே! ஒரு நாளும் இப்படி ஆனதில்லையே," என்று அக்கா சுவரைத் தட்டிப் பார்த்தார்.

தரை பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது ரேடியோவுக்கு. காது நுனி வரை சுட்டது. சொன்னது ஒரு கேவலம். அதைக் கேட்டவளே தன்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியது அதைவிடக் கேவலமாக இருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை தான் கெட்டதோடு நிற்காமல் தோழியையும் அல்லவா கெடுத்துவிட்டது!

படியிறங்கும்போது பஞ்சுவின் பக்கத்தில் போய் நடக்கப் பார்த்தாள். பஞ்சு வேகமாக இறங்கி டீச்சரிடம் போய்விட்டாள்.

கிணற்று அறை கீழே, குளிர்ச்சியாக, கொஞ்சம் இருட்டாக இருந்தது. நடுவில் கல் கட்டிய வட்டக் கிணறு. மேலே இரும்புக் கம்பி வலை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் தகரக் குவளையும் இருந்தன.

"பஞ்சுவுக்கு வயிறு வலிக்குதாம். ரேடியோ, நீதான் சத்தமா படிப்ப. வா, இத வாசிச்சிடு," என்று டீச்சர் ஒரு தாளை நீட்டினார்.

மூன்று வாரமாக ஆசைப்பட்டது தானாகக் கைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் ரேடியோவின் கண் பஞ்சுவைத் தேடியது. பஞ்சு கதவோரக் கல் படியில் உட்கார்ந்து, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோ தாளைப் பிரித்தாள். "இந்தக் கோட்டையை எதிரிகள் நாற்பது நாள் சுற்றி வளைத்திருந்தார்கள்…" என்று தொடங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தாள் முழுக்கப் பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகள். எங்கெங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கெல்லாம் ஒரு கோடு. வாயில் வராத வார்த்தைகளை அடித்துவிட்டு, மேலே சுலபமான வார்த்தைகளை எழுதியிருந்தாள். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் மாற்ற வழியில்லை. 'கிணறு.' அதன் அடியில் மூன்று முறை கோடு போட்டிருந்தாள். ஓரத்தில் 'பயப்படாதே' என்று தனக்குத் தானே எழுதி வைத்திருந்தாள்.

ரேடியோவின் கண்ணில் எழுத்துகள் கலங்கின.

"என்னம்மா, எழுத்து புரியலையா?" என்றார் டீச்சர்.

"புரியுது டீச்சர். இத நான் படிக்கக் கூடாது."

"ஏன்?"

பேச்சுக்குப் பஞ்சமே இல்லாதவளுக்கு இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. "அவளுக்கு வயித்து வலி இல்ல டீச்சர். நான் அவளப் பத்தி ஒரு கேவலமான வார்த்த சொன்னேன். மண்டபத்துல. அது அவ காதுல விழுந்துடுச்சு. கேக்கலன்னு அவ பொய் சொன்னது எனக்காகத்தான்."

கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன சொன்ன? என்ன சொன்ன?" என்று பின்வரிசையில் ஒரு பையன் ஆர்வமாக எட்டிப் பார்த்தான்.

"அத இன்னொரு தடவ சொல்ல மாட்டேன்," என்றாள் ரேடியோ.

டீச்சர் பஞ்சுவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "போ. அவகிட்ட பேசிட்டு வா. நாங்க இருக்கோம்," என்று மட்டும் சொன்னார்.

ரேடியோ கல் படியில் போய் உட்கார்ந்தாள். தாளைப் பஞ்சுவின் மடியில் வைத்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன், பஞ்சு. கிணறு எனக்குக் கிடைக்கலன்னு வயித்தெரிச்சல். அதான்… வேற காரணமே இல்ல. நீ ஏன் அந்த அக்காகிட்ட சொல்லல?"

"எ… எல்லாரும் சிரிச்சிருப்பாங்க," என்றாள் பஞ்சு. "நல்ல ஜோக்தான அது?"

ரேடியோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பஞ்சு செருப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் திக்கினா நீ உடனே அ… அந்த வார்த்தைய முடிச்சு வச்சிடுவ. எப்பவும். எனக்கு உதவி பண்றன்னு நெ… நெனச்சிட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. உனக்கு அவசரம்."

பஞ்சு சொன்னது உண்மை. அதை மறுக்கக்கூட ரேடியோவுக்கு வெட்கமாக இருந்தது.

பஞ்சு தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் படிக்கிறேன். உ… உனக்காக இல்ல. மூணு வாரமா எழுதினேன். அதுக்காக."

பஞ்சு கிணற்றருகே போய் நின்றாள். மூச்சை இழுத்துவிட்டுத் தொடங்கினாள். கோடு வந்த இடத்தில் எல்லாம் நிறுத்தினாள். வெளியே எதிரிகள் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், உள்ளே இருப்பவர்கள் தாகம் தாங்காமல் கதவைத் திறந்துவிடுவார்கள் என்று காத்திருந்தார்கள் என்றாள். நாற்பதாம் நாள் கோட்டை ஆட்கள் மதில்மேல் குதிரைகளை ஏற்றி, எதிரிகள் கண்ணெதிரே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார்களாம்.

"குதிரைக்கே குளியலா!" என்று டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். பஞ்சுவும் லேசாகச் சிரித்துவிட்டாள்.

"அதப் பாத்துட்டு எதிரிங்க மூ… மூட்டையக் கட்டிட்டாங்க. இவங்களுக்கு அவ்வளவு தண்ணி குடுத்தது இந்த… கி… கி…"

வார்த்தை வாசலில் நின்றுவிட்டது.

"கி…"

யாரோ இருமினார்கள். கண்ணாடி விரல் நகத்தைக் கடித்தாள். ரேடியோவின் நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்து துடித்தது. ஒரே ஒரு வார்த்தை, சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். பஞ்சு அவளை நிமிர்ந்து பார்த்தாள். ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேறு எங்கும் போக வேண்டியதில்லை என்பது போல நின்றாள்.

"…கிணறு," என்றாள் பஞ்சு.

அப்புறம் குவளைத் தண்ணீரைக் கம்பி வலை வழியாக ஊற்றினாள். முப்பத்திரண்டு பேரும் டிரைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஆழத்தில் எங்கோ 'சளப்' என்று கேட்டது. கைதட்டலில் அறையே அதிர்ந்தது.

ரேடியோவும் தட்டினாள். ஆனால் தலை நிமிரவில்லை. ஒரு தடவை மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மாலையில் பஸ்ஸில் ஏறியதும் அவள் ஜன்னல் இருக்கையை விட்டுவிட்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரும் வராவிட்டால் தாங்க முடியாது என்று பையை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். பஞ்சுவைத் தன் பக்கத்தில் வந்து உட்காரும்படி நாலு பேர் கூப்பிட்டார்கள். ரேடியோ தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோ வந்து பக்கத்தில் நின்றார்கள். நிமிர்ந்தாள். பஞ்சு.

"த… த…" என்றாள் பஞ்சு.

என்ன வார்த்தை என்று ரேடியோவுக்குத் தெரியும். பையை எடுக்கக் கைகூட நீண்டுவிட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பின்னால் ஏறியவர்கள் காத்திருந்தார்கள், டிரைவர் ஹாரன் அடித்தார், டீச்சர் மறுபடி தலைகளை எண்ணினார். ரேடியோ அசையவில்லை.

"த… தள்ளி உக்காரு," என்று பஞ்சு சொல்லி முடித்தாள்.

அதற்குப் பிறகுதான் ரேடியோ தள்ளி உட்கார்ந்தாள்.