லென்ஸுக்குக் கிட்டே

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அதுவும் லென்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் மனைவி ரீட்டா தலையில் அடித்துக்கொள்வாள். விருத்தாசலத்தில் ஸ்டுடியோ வைத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. போட்டோக்கார ஸ்தனிஸ்லாஸ் என்றால் நாலு பேருக்குத் தெரியும். அந்தத் திமிர்தான் அன்றைக்கு என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

ரீட்டாவுக்கு அப்போது ஏழு மாதம். ஒன்பது வருஷம் ஏங்கி உண்டான பிள்ளை. வயிறும் முகமும் பூரித்து நின்றவளைப் படமெடுக்க ஆசைப்பட்டேன். செராமிக் தொழிற்பேட்டையின் கடைசியில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனி மூடிக் கிடந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அதன் உடைந்த கூரை வழியாக இறங்கும் வெயிலுக்கு ஈடே கிடையாது.

காவலுக்கு இருந்த நடராசன் கேட்டைத் திறந்தார். ரீட்டாவின் வயிற்றைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"புள்ளத்தாச்சிய உள்ள கூட்டிட்டுப் போவாதீங்க சார். செல்வநாயகின்னு ஒரு பொண்ணு, இங்கதான் வேல செஞ்சிது. இவங்கள மாதிரிதான் மாசமா இருந்திச்சி. செவுரு சரிஞ்சி உள்ளயே செத்துப் போயிடுச்சி."

"அட போங்கய்யா! பேய் வந்தா அதுக்கும் ஒரு படம் எடுத்துக் குடுக்கறேன்," என்றேன்.

மழை பெய்து மூன்று மாதமாகியும் உள்ளே ஈரக் களிமண் வாசனை அடித்தது. தூசி படிந்த பலகைகளில் கண் வரையாத பொம்மைகள் வரிசையாக நின்றன.

ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு தூரமாகப் போய் நின்றேன். ஜூமில் முகம் அழகாக வரும். பின்னால் எங்கேயோ இருப்பதெல்லாம் கலங்கி, ஆளின் முதுகோடு ஒட்டினாற்போல் கிட்டே தெரியும்.

ரீட்டாவின் இடது தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஆள் உயரம் இருந்தது. கடைசிச் சுவரில் சாய்த்து வைத்த பெரிய பொம்மை என்று நினைத்தேன்.

"நாலு அடி முன்னாடி வா."

வந்தாள். வெள்ளையும் அவள் தோளை விடவில்லை. ஜூமில் அப்படித்தான் தெரியும் என்று எனக்கு நானே பாடம் சொல்லிக்கொண்டேன். படுபாவி நான், இருபது படம் எடுத்தேன்.

"என்னங்க," என்றாள் ரீட்டா. "தோள்ல யாரோ கை வெச்ச மாதிரி சில்லுன்னு இருக்குது."

"காத்துதான்டி. அசையாத."

அடுத்து அந்தக் கூடம் முழுதும் படத்தில் வரவேண்டும். வைடு லென்ஸை மாட்டிக்கொண்டு அவளிடம் நெருங்கினேன். வைடில் பின்னால் இருப்பதெல்லாம் சுருங்கி எங்கேயோ ஓடிவிடும். கேமராவில் கண்ணை வைத்தேன்.

கடைசிச் சுவர் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது.

வெள்ளை சுருங்கவில்லை.

ரீட்டாவின் உயரத்துக்கே நின்றது. முகமெல்லாம் வெள்ளைக் களிமண் அப்பிய ஒரு பெண். அவள் கை ரீட்டாவின் தோளிலிருந்து வயிற்றை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

கேமராவை இறக்கினேன். அங்கே ரீட்டா மட்டும்தான் நின்றாள்.

"மாதாவே!" என்று கத்தி அவளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன். கேட்டருகே நடராசன் எழுந்து வந்தார். ரீட்டாவின் தோளையே பார்த்தார். ரவிக்கையில் ஐந்து வெள்ளை விரல்களின் தடம் பதிந்திருந்தது. அந்த ரவிக்கையை அன்றைக்கே எரித்துவிட்டோம்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண். கேமராவைத் தொடவே எனக்குப் பயம். கல்யாண ஆர்டரையெல்லாம் வேறு ஆளிடம் தள்ளிவிட்டேன். ஞானஸ்நானத்தன்று மட்டும் ரீட்டா விடவில்லை.

"நம்ம புள்ளைக்கு நீங்க எடுத்த படம் ஒண்ணுகூட இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு எடுங்க."

வீட்டில் சின்ன அறை, வைடுதான் மாட்ட முடிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினேன். பிறகு திரையைப் பார்த்தேன்.

பிள்ளையை மடியில் வைத்திருந்த ரீட்டாவின் பின்னால் சுவர் மட்டும் இருந்தது. தோளில் எதுவும் இல்லை. அப்பாடா என்று அழுதேவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் படத்தின் இடது ஓரத்தைக் கவனித்தேன்.

வெள்ளையாக ஒரு கை. ஒவ்வொரு விரலும் ரீட்டாவின் தலையைவிடப் பெரிதாக, பிள்ளையை நோக்கி நீண்டிருந்தது.

வைடில் எது அவ்வளவு பெரிதாகத் தெரியும்? லென்ஸுக்கு ஒட்டினாற்போல் இருப்பதுதான். எனக்கா தெரியாது?

கேமரா இன்னும் என் கையில்தான் இருந்தது. என் இடது தோள் சில்லென்று இருந்தது.