நாற்பதுக்கு நாற்பது

"எம்புருசன் காசநோய் மாத்திரைய கடாசிட்டாரு சார். இருமுனா ரத்தம் வருது. கேட்டா, தாயத்து பாத்துக்கும்னு சொல்லிகினு கீறாரு."

வியாசர்பாடி பூவம்மா சொல்லி முடித்தபோது துப்பறிவாளர் ஜெபசிங்குக்குக் கொட்டாவி வந்தது. பதினெட்டு வருடத் தொழிலில் எத்தனை தாயத்துகள்!

ஆனால் இது புது ரகம். தண்டையார்பேட்டை சண்முகவேல் ஜோடித் தாயத்து கட்டினார். ஒன்று நோயாளி கழுத்தில், மற்றது தன் கையில். இரண்டிலும் பிணைந்த அணுத்துகள்களாம். தூரத்திலிருந்தே நோய் தெரிந்துவிடுமாம்.

"பிணைந்த துகள் நிஜம் சார். எவ்வளவு தூரம் பிரிச்சாலும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகும்," என்றாள் உதவியாளர் மகிழினி. பௌதிகம் படித்தவள். "சோதிக்க ஒரு ஆட்டம்கூட இருக்கு."

மறுநாள் காலை, பூவம்மா, அவள் புருஷன் வல்லரசு இருவர் முன்னிலையிலும் ஆட்டம் நடந்தது. சண்முகவேல் வீட்டு முன்னறையில் அவரும் ஜெபசிங்கும். சாத்திய கதவுக்குப் பின்னால் சண்முகவேலின் சிஷ்யை ரோசியும் மகிழினியும். குருவும் சிஷ்யையும் புதிதாக ஒரு ஜோடித் தாயத்தை ஆளுக்கொன்றாகக் கட்டியிருந்தார்கள். இரு அறையிலும் காசு சுண்டப்படும். சண்முகவேலும் ரோசியும் ஆளுக்கொரு சீட்டில் 'மேல்' அல்லது 'கீழ்' எழுத வேண்டும். இரண்டு காசும் தலையானால் பதில்கள் வேறுபட வேண்டும். இல்லாவிட்டால் ஒத்திருக்க வேண்டும். இப்படி நாற்பது சுற்று.

"தாயத்து வெதுவெதுன்னு இருக்கணும்," என்று சண்முகவேல் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி வைத்து, சுவிட்சை அவ்வப்போது தட்டிக்கொண்டிருந்தார்.

"நாற்பதுக்கு நாற்பது சார்!" மகிழினி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். வல்லரசு தாயத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பூவம்மா தலை குனிந்துகொண்டாள்.

"ரோசி எதைப் பார்த்து எழுதினா?" என்றார் ஜெபசிங் அலுப்பாக.

"தாயத்தை... இல்ல சார். பல்பை."

ஜெபசிங் பின்னறை பல்பை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார். மறுபடி நாற்பது சுற்று. இம்முறை இருபத்தொன்பதுதான் சரி.

"முன்னாடியே பேசிவச்சு ஆடினா நாற்பதுக்குச் சராசரி முப்பதைத் தாண்டாது," என்றார் ஜெபசிங். "நிஜமாவே பிணைந்த துகள் இருந்தா, நடுவுல பேசாமலே சராசரி முப்பத்துநாலு வரை வரும். அது பெரிய அதிசயந்தான். ஆனா அதாலயும் நாற்பது முடியாது. நாற்பது வந்தா யாரோ சேதி அனுப்புறாங்க. இவர் எப்பவும் மேல்னுதான் எழுதினார். தன் காசு தலை விழுந்தா மட்டும் இஸ்திரிப் பெட்டியைப் போட்டார். இந்தத் தெரு வோல்டேஜுக்கு உடனே பின்னாடி பல்பு மங்கும். அப்போ தன் காசும் தலைன்னா ரோசி கீழ்னு எழுதுவா, இல்லன்னா மேல்னு."

சண்முகவேல் பிளக்கைப் பிடுங்கினார்.

"அப்போ என் நோவ இவரு பாக்கவேல்லியா நைனா?" வல்லரசு தாயத்தைக் கையில் பிடித்தபடி கேட்டான்.

"நிஜத் துகளே ஒத்துப்போகுமே தவிர, சேதி சொல்லாதுப்பா."

பூவம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவன் வீசியெறிந்த மாத்திரை அட்டைகள், ஒன்று விடாமல்.

"இன்னா பாத்துகினு கீற? ஏந்திரி. ஆஸ்பத்திரிக்கு நட."

வல்லரசு தாயத்துக் கயிற்றை அறுத்துப் போட்டு எழுந்தான்.