முதுகில் விட்ட நூல்முனை

மாதாந்திர மின்தடை நாளில் வீரபாண்டியில் காக்காய்கூட வாயை மூடிக்கொள்ளும். பனியன் கம்பெனிகளின் அத்தனை மிஷினும் ஒரே மூச்சில் அடங்கிப்போக, கொசு கொட்டாவி விடுவதுகூடக் காதில் விழும். அப்படியொரு பட்டப்பகலில், கட்டிலில் மல்லாந்து கிடந்த வெள்ளியங்கிரிக்கு நிட்டிங் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஊசிகள் ஏறி இறங்குகிற அதே சரசரப்பு. கூடவே சூடான எண்ணெயும் புதுப் பஞ்சும் கலந்த வாசனை.

"பாரதி, பக்கத்து கம்பெனியில ஜெனரேட்டர் போட்டுட்டாங்களா?"

"இல்லீங்க, பூட்டிட்டுப் போயாச்சு. கம்முனு படுங்க," என்றாள் மனைவி ஜெயபாரதி, அடுப்படியிலிருந்து.

போன மாதம் தான் ஓட்டும் நிட்டிங் மிஷினில் நூல்கோன் மாட்ட ஏறியவன் ஸ்டேண்டோடு சாய்ந்ததில், முதுகெலும்பில் ஒன்று அப்பளமாக நொறுங்கியது. மறுபடி எழுந்து நடப்பானா என்பதே சந்தேகம். மனைவியின் தம்பி இளங்குமரன் எலும்பு முறிவுக்கு ஊற்றும் சிமெண்டை ஆராய்கிறவன். வெறும் சிமெண்ட் விரிசல் விடுமென்று, காங்கிரீட்டுக்குள் கம்பி வைப்பதுபோல அதற்குள் நூல்வலை வைத்துப் பார்த்தான். முடியைவிட மெல்லிய நூலில் அந்த வலையை, விழுவதற்கு முன்பே, பின்னிக் கொடுத்ததே வெள்ளியங்கிரிதான்.

"மொதல்ல உங்களுக்கே வெச்சுப் பாத்தரலாமுங்க மச்சான். இறுகிருச்சுன்னா எமனே வந்தாலும் வளைக்க முடியாது."

"அப்ப எமனுக்குத்தான் முதுகுவலி மாப்ள!"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஆஸ்பத்திரிக் கட்டிலே ஆடியது. மறுநாளே வலையும் சிமெண்டும் அவன் முதுகுக்குள் போயின.

இப்போது சத்தம் நெருங்கியது. சன்னலிலிருந்து வரவில்லை. கட்டிலுக்கு அடியிலும் இல்லை. மூச்சைப் பிடித்துக் கேட்டான். அவன் முதுகுக்குள்ளேதான்.

அப்போதுதான் உறைத்தது. ஒரு கோன் தீர்ந்தால் அடுத்ததை முடிச்சுப் போட்டு ஓட்ட, கடைசி நூலை நறுக்காமல் ஒரு முழம் விட்டுவைப்பது நிட்டிங்காரன் கைப்பழக்கம். மிஷின் நிற்கக் கூடாதல்லவா? இளங்குமரனின் வலையிலும் அப்படியே முனையை விட்டிருந்தான். உள்ளே சுருண்டு கிடந்த முனை அடுத்த நூலைத் தேடியிருக்கிறது. நரம்பு கிடைத்திருக்கிறது.

காலையில்கூட அசைந்த கால்விரலை அசைக்கப் பார்த்தான். அசையவில்லை. முழங்கால். இல்லை. இடுப்பைச் சுற்றி ஒரு வரிசை பின்னல். விலா எலும்புக்கு ஒரு வரிசை. சூடாக. நிதானமாக.

"பார—"

நாக்கு நின்றது.

உடம்பு தானாக எழுந்தது. வளையாமல், நடுங்காமல், நட்டுவைத்ததுபோல உட்கார்ந்தது.

எட்டிப் பார்த்த ஜெயபாரதி கரண்டியை வீசிவிட்டு ஓடிவந்தாள். "அய்யோ சாமி! நிமுந்து உக்காந்துட்டீங்களே!" அழுதுகொண்டே அவன் பிடரியைத் தடவினாள்.

தொடாதே. தொடாதே, பாரதி. வாய் திறக்கவில்லை.

"ஏனுங்க... கையி வரமாட்டேங்குதுங்க."

இழுத்தாள். மறுபடி இழுத்தாள். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு நூல்கண்ணி விழுந்தது. அடுத்தது. முழங்கை. தோள். அவள் முதுகு மெல்ல நிமிர்ந்தது. வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றது. கண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது, இமையோரத்தில் ஏறிக்கொண்டிருந்த வெள்ளை வரிசையை நனைத்தபடி.

அவனால் கண்ணை மூட முடியவில்லை.