ஆள் இல்லாத தோட்டம்

எழுபது வருடத்துக்கு முந்தைய எண்ணெய் ஓவியத்தில் ஈர வாசனை அடிக்கக் கூடாது. அடித்தது. சாயம் குழைக்கும் ஆளி விதை எண்ணெயின் காறல், யாரோ இப்போதுதான் தூரிகையை வைத்துவிட்டு எழுந்து போன மாதிரி.

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்யும் அந்தப் பட்டறையில் அவள் புதிது. மேசை மேல் பூந்தோட்டம் ஒன்று கிடந்தது: டாலியா, ரோஜா, நடுவில் ஒரு மண் பாதை, எல்லாவற்றின் மீதும் புகையும் தூசியும் படிந்த பழுப்பு. சாயங்காலத்துக்குள் இதை ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம், ஒரு பொட்டு நிறம் பெயர்ந்தாலும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். சொல்லும்போது அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. வேலை கிடைத்துவிட்டதாக அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

படத்தைக் கொண்டுவந்தவர் ஓவியரின் மகள், தலை முழுக்க நரைத்தவர்.

"இதுல ஆள் கிடையாதும்மா. அப்பாவுக்கு மனுஷத் தோலோட நிறம் மட்டும் கைக்கு வரவே இல்ல. சாகுற வரைக்கும் கலந்து கலந்து பாத்துட்டே இருந்தாரு."

"நல்லதாப் போச்சுங்க. பூன்னா எதுத்துப் பேசாது."

அந்தம்மா சிரிக்கவில்லை. அவள் கையையே கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

இந்த அழுக்குக்கு எச்சில்தான் மருந்து. குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, படத்தின் மேல் மெல்ல உருட்ட வேண்டும். படத்தைத் தொட்ட பஞ்சு மறுபடி வாய்க்குப் போகக் கூடாது. மற்றவர்கள் கிளம்பிய பிறகு, ஜன்னல் வெளிச்சம் மங்க மங்க, கடிகாரத்தையும் ரோஜாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அவசரத்தில், அவள் அந்தப் பஞ்சையே வாயில் வைத்துவிட்டாள். காறல். அடியில் உப்பு. துப்பினாள். போகவில்லை.

டாலியாச் செடிகளுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உருட்டினாள். சட்டை. காலர். குனிந்து நிற்கும் ஓர் ஆள். முகம் இருக்க வேண்டிய இடத்திலும் கைகளிலும் சாயமே இல்லை. படம் வரையும் வெறும் துணி மட்டும்.

மேலாளருக்குப் போன் செய்தால் நீதான் சுரண்டினாய் என்பார். பாதியில் விட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். அறையில் எங்கோ மயிர்த் தூரிகை துணியில் உரசும் சத்தம். அவள் கை நின்ற பிறகும் கேட்டது.

ஜன்னல் திரைதான் உரசுகிறது, வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு மறுபடி உருட்டினாள்.

அந்த ஆளுக்குக் கட்டைவிரல் வந்திருந்தது. பழுப்பு. ஈரப் பழுப்பு. கல்லூரி முழுக்க அவளைக் கேலி செய்த அதே தோல் நிறம், துளி பிசகாமல்.

தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

வலி இல்லை. ரத்தம் இல்லை. நகம் இல்லை. ஊடும் பாவுமாக வெள்ளைத் துணி.

குச்சியைக் கீழே போட்டாள். உரசல் நிற்கவில்லை. படத்தில் அவன் நிமிர்ந்திருந்தான். அந்த வெற்று முகத்தில் ஒரு கோடு. கீழுதடு. அப்புறம் மேலுதடு. ஓரத்தில் அவளுடைய மச்சம்.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

திறந்தது படத்தில்.