வெளியேறிவிட்டவள்

கதவோரக் கருவியில் அட்டையை வைத்ததும் பச்சை விளக்கு எரிய வேண்டும். சிவப்பு எரிந்தது. கீழே இருந்த சின்னத் திரையில் ஒரு வரி: 'நித்யா மேரி ஏற்கெனவே வெளியேறிவிட்டார்.'

நித்யா மேரி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். கடலூர் அலுவலகத்தின் சர்வர் அறைக்குள், ஏசியின் குளிரும் சூடேறிய வயர்களின் மணமும் கலந்த காற்றில், ஆளுயர இரும்பு அலமாரிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்க, அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

அது ஒரு இறால் ஏற்றுமதி நிறுவனம். கடலூரில் சொந்த சர்வர்கள், சிதம்பரம் கிளையில் தனி ஏற்பாடு, இரண்டுக்கும் மேலே வாடகைக்கு எடுத்த கிளவுட். தனித்தனியாகக் கிடந்த மூன்றையும் ஒரே கூட்டமைப்பாகப் பிணைத்த வடிவமைப்பு அவளுடையது. அதன் அடிப்படை ஒரே விதி: ஓரிடம் ஒருவரை 'இவர்தான்' என்று ஏற்றுக்கொண்டால் மற்ற இடங்கள் மறுகேள்வி கேட்காமல் நம்ப வேண்டும். அலுவலகக் கதவுகளையும் போன வாரம்தான் அதில் சேர்த்திருந்தாள்.

மறுபடி அட்டையை வைத்தாள். சிவப்பு. அவசரத்துக்கென்று இருந்த பொத்தானை அழுத்தினாள். 'டிக்' என்றது; கதவு அசையவில்லை. செல்போனும் அவள் விரல்ரேகையை ஏற்காமல், 'வேறு இடத்தில் பயன்பாட்டில் உள்ளது' என்றது. சனிக்கிழமை சாயங்காலம். உள்ளே யாரும் இல்லை என்று கணினி காட்டியிருக்கும். காவலாளி வெளிக்கதவையும் பூட்டிக்கொண்டு போயிருப்பார்.

கதவையொட்டிய மூலையில் ஒரு மேசைத் தொலைபேசி இருந்தது. சிதம்பரம் கிளைக்கு அடித்தாள். அங்கே கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பாலகுமார் எடுத்தான்.

"பாலகுமார், நித்யா பேசறேன். என் ஐடி அங்க ஓபன் ஆயிருக்கு பாருங்க. அத முடக்குங்க. நான் இங்க உள்ள மாட்டிக்கிட்டேன்."

"யாருங்க நீங்க?"

"நித்யா."

"மேடம் மத்தியானம் முழுக்க என் பக்கத்துலதான் உக்காந்து வேலை பாத்தாங்க. பாப்பா வீட்ல தனியா இருக்கு, மழைக்கு முன்ன போயிடறேன்னு சொல்லிட்டுக் கெளம்பி ரொம்ப நேரமாச்சு. அவுங்க மாதிரியே பேசி வெளயாடறீங்களா?"

வைத்துவிட்டான்.

இரைச்சலுக்கு நடுவே தன் மூச்சுச் சத்தம் தனியாகக் கேட்டது. சிதம்பரத்திலிருந்து கடலூரில் இருக்கும் அவள் வீட்டுக்கு ஒரு மணி நேரம் இருந்தால் போதும். கணவன் மரிய அருள் வேலையாகத் திட்டக்குடி போயிருந்தான். அவள் மனப்பாடமாக வைத்திருந்த எண் ஒன்றுதான், வீட்டு லேண்ட்லைன். இரண்டு முறை தவறாக அழுத்தினாள்.

"அலோ," என்றாள் மகள் ஜான்சி. பின்னால் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணு, அம்மாடா. கதவு சாத்தியிருக்கா?"

"அம்மாவா?" குழந்தை குழம்பினாள். "நீதான் கேட்டாண்ட நிக்கிறியே."

நித்யாவின் முதுகு சுவரில் முட்டியது.

"ஜான்சி. ஜன்னல்கிட்டப் போவாத. கதவத் தொறக்காத."

"இங்கேருந்தே தெரியுதும்மா. கைய ஆட்டற. காலைல கட்டிட்டுப் போன பச்சைப் புடவைதான்." குரல் தாழ்ந்தது. "ஆனா இவ்ளோ மழை பெய்யுது, நீ நனையவே இல்ல."

"அது நான் இல்லடா. கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கா? மேல்தாழ்?"

"போட்டிருக்கு. இப்ப வாசப்படிக்கு வந்துட்ட."

தட்டும் சத்தம். மெதுவாக. ஒவ்வொரு தட்டும் ஒரே அளவில். பிறகு ஒரு குரல். சொற்கள் புரியவில்லை. ஆனால் அந்த இழுவை, வாக்கியம் முடியும் இடத்தில் அந்த மென்மை, அவளுடையது.

"போன்ல பேசறது அம்மா இல்லன்னு சொல்றாங்க," என்றாள் ஜான்சி. அழுகை வரப் பார்த்தது. "யாரு அம்மா?"

"நான்தான்டா. கேளு, என்ன வேணா கேளு."

"என்னைய நீ எப்படிக் கூப்பிடுவ? யாருக்கும் தெரியாம?"

"சுண்டெலி! சுண்டெலின்னு கூப்பிடுவேன்!"

மழை மட்டும் கேட்டது.

"அவுங்களும் அதான் சொன்னாங்க," என்றாள் குழந்தை.

நித்யா கத்தினாள். கெஞ்சினாள். பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாளிடம் ஓடச் சொன்னாள். சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. இந்த மாதிரிக் குரலை ஜான்சி அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"நீ கத்தற," என்றாள் ஜான்சி. "அவுங்க கத்தல. சிரிச்சிக்கிட்டே கூப்பிடறாங்க."

"ஜான்சி, வேணாம்..."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். சின்னக் கால்கள். நாற்காலியை இழுக்கும் ஓசை, அதன் மேல் ஏறும் ஓசை.

மேல்தாழ் விலகியது.

மழை ஒரு கணம் பெரிதாகக் கேட்டது. கதவு சாத்தப்பட்டதும் அடங்கியது. நித்யா இரும்புக் கதவைக் காலால் உதைத்தாள். சிவப்பு. உதைத்தாள். சிவப்பு.

காலடிகள் கேட்கவில்லை. குழந்தையின் குரல் மட்டும், தொலைபேசிக்கு மிக அருகில், மெல்ல:

"அம்மா... வாயத் தொறக்காம எப்படிம்மா பேசற?"