பஸ் மாமா வந்தால்தான் ஓட்டம்

அவளை வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் 'மிளகு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சிறுசு, காரம் பெரிசு.

குளிர்காலம் வந்துவிட்டால், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் பகுதியில் தெரு ஓட்டம் நடக்கும். நூலக வாசலில் கிளம்பி, பாலத்தைத் தாண்டி, மருத்துவமனையைச் சுற்றிக்கொண்டு, வாய்க்கால் ஓரமாகத் திரும்பி, மறுபடியும் நூலகத்துக்கே வர வேண்டும்.

"குளிர்லதான் ஓடணும். நின்னா உறைஞ்சு போயிடுவோமோங்கிற பயத்துலயே கால் தானா ஓடும்" என்பார் மருந்துக்கடை அத்தை. ஓட்டத்தை நடத்துபவர் அவர்தான். கழுத்தில் விசிலும், தலையில் காதை மூடும் தொப்பியுமாக அவர் நிற்பதைப் பார்த்தால் நாய்கள்கூட ஓரமாகப் போகும்.

முதலில் சின்னவர்கள் ஓட்டம். அது ரொம்பக் கொஞ்ச தூரம்தான். மிளகு எப்போதும் முதல் ஆளாகவோ இரண்டாவது ஆளாகவோ வந்துவிடுவாள். அதன் பிறகு பெரியவர்கள் ஓட்டம்.

இந்த வருடம் மிளகின் அப்பாவும் ஓட வந்தார். அவர் பஸ் ஓட்டுநர். "நாள் பூரா பஸ்ஸை ஓட்டறீங்க, நீங்க எப்ப ஓடுவீங்க?" என்று டாக்டர் கேட்டுவிட்டாராம்.

அப்பா புதுக் காலணி வாங்கினார். கண்ணாடி முன்னால் நின்று நான்கு முறை குதித்துப் பார்த்தார். கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

முதல் ஓட்டத்தில் அப்பா கடைசியாக வந்தார். சாதாரணக் கடைசி இல்லை. அவருக்கு முன்னால் வந்தவர் வீட்டுக்குப் போய்க் குளித்தே முடித்திருப்பார். அப்பா வந்து சேர்ந்தபோது, முடிவுக் கோட்டில் பிடிக்கும் ரிப்பனைச் சுருட்டிவிட்டார்கள். மேசையை மடித்துவிட்டார்கள். மிளகும் அம்மாவும் மட்டும் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கோடு எங்கே?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் அப்பா.

"இங்கதான் எங்கேயோ இருந்துச்சு. நீங்க சும்மா கையைத் தூக்கிக்கிட்டு வாங்க" என்றாள் அம்மா.

அப்பா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, இல்லாத கோட்டைத் தாண்டினார். மூவரும் சிரித்தார்கள். இரண்டாவது ஓட்டத்திலும் அதேதான் நடந்தது. ஆனால் அன்று அம்மா மட்டும்தான் சிரித்தாள்.

அந்த வாரம் அப்பாவின் காலணி, வாசலில் இருந்து பரண்மேல் போய்விட்டது.

"அப்பா, அடுத்த ஓட்டத்துக்கு வரலையா?" என்று கேட்டாள் மிளகு.

"எனக்குக் கடைசியா வர்றது ஒண்ணும் பெரிசில்லடா. ஆனா நீயும் அம்மாவும் எனக்காக அந்தக் குளிர்ல ஆளே இல்லாத தெருவுல நிக்கறீங்க பாரு, அதான் ஒரு மாதிரி இருக்கு. என்னால வேகமா வர முடியல. உங்களையும் நிக்க வைக்க மனசு வரல" என்றார் அப்பா.

மிளகு யோசித்தாள். அப்பாவை வேகமாக ஓடவைப்பது நடக்காத காரியம். பஸ்ஸிலேயே அவர் நிதானமான ஆள். அப்படியென்றால், மற்றவர்களை நிற்கவைக்க வேண்டும்.

பள்ளி விட்டதும் நேராக மருந்துக்கடைக்குப் போனாள்.

"அத்தை, ஓட்டம் முடியறதுக்கு முன்னாடியே ஏன் ரிப்பனைச் சுருட்டறீங்க?"

அத்தை இருமல் மருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "நான் என்னம்மா பண்றது? எல்லாரும் போயிடறாங்க. காலிச் சாலையில ரிப்பனை யாரைப் பிடிக்கச் சொல்றது?"

"எல்லாரும் ஏன் போறாங்க?"

"பசங்க ஓடி முடிச்சதும் அவங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அப்புறம் பெரியவங்களும் ஒவ்வொருத்தரா..."

"அப்போ எங்க ஓட்டத்தைக் கடைசியில வைங்க" என்றாள் மிளகு. "பெரியவங்க எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் நாங்க ஓடணும். எங்க ஓட்டத்தைப் பார்க்காம எங்க வீட்டுல யாரும் கிளம்ப மாட்டாங்க."

அத்தை ஒரு புட்டியைத் தலைகீழாக வைத்துவிட்டு மிளகைப் பார்த்தார்.

"ஒரு தடவை வச்சுப் பார்க்கறேன். ஆனா குளிர்ல நின்னு எந்தக் குழந்தையாவது தும்மிச்சுன்னா, அவங்க அம்மாவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

வீட்டுக்கு வந்த மிளகு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவை எங்க ஓட்டம் கடைசியிலதான். அதுவரைக்கும் சும்மா நிக்கறதுக்குப் பதிலா, நீங்க ஓடிட்டு வந்துடுங்கப்பா. ஒரே ஒரு தடவை."

அப்பா பரணைப் பார்த்தார். பிறகு ஏணியை எடுத்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி இறங்கியிருந்தது. எல்லோர் வாயிலிருந்தும் புகை வந்தது. அத்தை விசிலை ஊதினார்.

"எல்லாரும் கேளுங்க! இன்னைக்கு முதல்ல பெரியவங்க ஓட்டம். கடைசி ஆள் வந்து கோட்டைத் தொட்டாத்தான் சின்னவங்க ஓட்டம் ஆரம்பிக்கும்!"

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "மிளகு! என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?" என்று அவர் கேட்பதற்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவரும் கிளம்ப வேண்டியதாயிற்று.

கொஞ்ச நேரத்தில் வேகக்காரர்கள் வந்தார்கள். பிறகு சுமாரானவர்கள் வந்தார்கள். பிறகு ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

குழந்தைகள் ஒற்றைக்காலில் மாற்றி மாற்றிக் குதித்தார்கள். தையல்கார அம்மாவின் மகனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அவன் நூலகப் படியில் போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்துவிட்டான்.

"இன்னும் யாருக்காக நிக்கறோம்?" என்று கேட்டார் தையல்கார அம்மா.

"பஸ் ஓட்டறவர் வரணும்" என்றார் அத்தை.

"அவர் வர்றதுக்குள்ள பசங்க காது மூக்கெல்லாம் விறைச்சுடும் போலிருக்கே!"

மிளகு சாலையையே எட்டி எட்டிப் பார்த்தாள். அப்பாவுக்காகச் செய்தது, இப்போது எல்லோரையும் அவர்மேல் கோபப்பட வைத்துவிட்டதே! பக்கத்தில் ஒரு குட்டிப்பெண் மூக்கைச் சுளித்தாள். தும்மல் வரப் பார்த்தது.

"குளிருதா?" என்று சட்டென்று கேட்டாள் மிளகு.

"ரொம்ப!"

"அப்போ ஏன் நின்னுட்டிருக்கோம்? வாங்க, எதிர்ல போய் அப்பாவைக் கூட்டிட்டு வந்துடலாம்!"

அவ்வளவுதான். குழந்தைகள் கும்பலாகக் கிளம்பினார்கள். "ஏய், கோட்டைத் தாண்டாதீங்க!" என்று கத்தியபடி அத்தை ஊதிய விசில் யார் காதிலும் விழவில்லை. தூங்குமூஞ்சி மட்டும் போர்வையை விட்டு வரவில்லை.

வாய்க்கால் திருப்பத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நேரே நூலகத்துக்குப் போகும் சாலை. இடதுபக்கம், வீட்டுக்குப் போகும் சந்து. அவர் சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது நம்ம வீட்டுக்குப் போற வழி" என்றாள் மிளகு.

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். "தெரியும்டா. நான் பாதியிலேயே போயிட்டேன்னு சொல்லிட்டா, நீங்க பாட்டுக்கு ஓட ஆரம்பிச்சுடலாமேன்னு பார்த்தேன்."

மிளகு வாயைத் திறப்பதற்குள் குட்டிப்பெண் முந்திக்கொண்டாள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அதெல்லாம் முடியாது, பஸ் மாமா! நீங்க கோட்டைத் தொடணும். அதுதான் ரூல்."

"தொடணும், தொடணும்!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

ஒரு பையன் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். அவன் சட்டையை இன்னொருத்தி பிடித்தாள். வரிசை நீண்டது. கடைசியில் நின்ற பையன் குரல் கொடுத்தான்: "எல்லாரும் ஏறியாச்சு! போகலாம், ரைட்!"

அப்பா சிரித்துவிட்டார். "சட்டையைக் கிழிச்சுடாதீங்கடா" என்று சொல்லிக்கொண்டே ஓட ஆரம்பித்தார். வேகமாக இல்லை. ஆனால் நிற்காமல் ஓடினார். பின்னால் அத்தனை குழந்தைகளும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்கள்.

நூலக வாசலிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. எப்படிப் போவார்கள்? அவர்களுடைய குழந்தைகள் எல்லாம் அந்த வரிசையில் அல்லவா வருகிறார்கள்! சத்தம் கேட்டதும் எல்லோரும் சாலையின் இரண்டு பக்கமும் கூடிவிட்டார்கள். அத்தை ரிப்பனை இழுத்துப் பிடித்தார். மறுமுனையை அம்மா பிடித்தாள்.

அப்பா ரிப்பனை மார்பால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கைதட்டல் அடங்கவே இல்லை. அவர் எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நெற்றியைத் துடைப்பதுபோலக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"சரி, சின்னவங்க வாங்க! உங்க ஓட்டம்!" என்று அத்தை விசில் ஊதினார்.

ஆனால் சின்னவர்கள் எல்லோரும் முழங்காலில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். போர்வையை உதறிவிட்டு எழுந்து வந்த தூங்குமூஞ்சிதான் அன்று முதலில் வந்தான். தான் ஜெயித்துவிட்டதை அவனாலேயே நம்ப முடியவில்லை. மிளகு ஏழாவதோ எட்டாவதோ வந்தாள். அவளுக்குச் சிரிப்பு அடங்காததால், எத்தனையாவது என்று எண்ணவில்லை.

தையல்கார அம்மா தன் மகனைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு, மெதுவாக மருந்துக்கடை அத்தையிடம் வந்தார்.

"அடுத்த தடவை நானும் ஓடலாமா? நாள் முழுக்க மெஷின்ல உட்கார்ந்து காலே மரத்துப் போகுது. ஆனா நான் ரொம்ப ரொம்ப மெதுவா ஓடுவேன்."

"தாராளமா வாங்க" என்றார் அப்பா. "கடைசி இடத்துக்கு எனக்குப் போட்டியே இல்லாம இருக்கு."

போட்டி நிஜமாகவே வந்தது. அடுத்த ஓட்டத்தில் அப்பா கடைசிக்கு முந்தின ஆளாகக் கோட்டைத் தொட்டார். அவர் மூச்சு விட்டு நிமிர்வதற்குள், தூங்குமூஞ்சி முன்னால் பாய, குழந்தைகள் எல்லோரும் தையல்கார அம்மாவைக் கூட்டிவர ஓடினார்கள். அப்பாவும் திரும்பி அவர்கள் பின்னாலேயே ஓட ஆரம்பித்தார்.

"ஏங்க, நீங்கதான் முடிச்சாச்சே!" என்று கத்தினார் அத்தை.

"முடிச்சவங்க போகக்கூடாதுன்னு ரூல் இல்லையே!" என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமலேயே.

முன்னால் ஓடிக்கொண்டிருந்த மிளகு அந்தக் குரலைக் கேட்டு வேகத்தைக் குறைத்தாள். அப்பா மெதுவாக அவள் பக்கத்தில் வந்து சேர்ந்தார். இருவரும் ஒன்றாகவே வாய்க்கால் திருப்பம் வரை ஓடினார்கள்.