கடைசி ஆளுக்குப் பின்னால்

அலுவலகத்து நடைபாதையில் ஆள் வந்தால் தானாக எரிந்து, போனால் தானாக அணையும் விளக்குகள். அவற்றைப் பற்றி அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் வந்து, ஏதோ ஞாபகமாகத் திரும்பிப் பார்த்தாள். அவள் தலைக்கு மேல் ஒரு விளக்கு எரிந்தது. அதற்குப் பின்னால் ஒன்று அணைந்திருந்தது. அதற்கும் பின்னால் இன்னொன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் யாரும் இல்லை.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும்மா. ஆள் நின்னா எரியும், இல்லன்னா எரியாது. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

சிரித்துக்கொண்டே ஏணியை மடக்கினார். அவளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவே இல்லை.

அவளும் தம்பியும் சேர்ந்து நடத்தும் சின்ன அலுவலகம் அது. தம்பி வருடக்கணக்காக வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நண்பர்களைச் சுற்றி உட்காரவைத்து ஒரு விளையாட்டு நடத்தி வந்தான். இடிந்த கோட்டைக்கு அடியில் சுரங்கம், அதற்குள் நுழையும் கூட்டம், ஆளுக்கொரு காய், அதை நகர்த்தக் கட்டங்கள், உருட்டப் பகடை. தம்பி கதைசொல்லி. அவனுக்குக் காய் கிடையாது, கட்டமும் கிடையாது. மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்து வாயாலேயே சுரங்கத்தைத் தோண்டிவிடுவான். அந்த விளையாட்டை எங்கெங்கோ இருப்பவர்களும் ஆன்லைனில் சேர்ந்து ஆடும்படி மாற்றுவதுதான் இப்போது வேலை. விதிகளை அவன் சொல்லச் சொல்ல அவள் கணினி நிரலாக எழுதினாள்.

ஒரு விதி அவர்களுக்கே உரியது. யாராவது ஆட வராவிட்டால் அவர் காயை ஓரங்கட்ட மாட்டார்கள். வரிசையில் கடைசியாகப் போகிறவருக்கு இரண்டு கட்டம் பின்னால் வைத்து இழுத்துக்கொண்டே போவார்கள். முன்னால் போகிறவர் நின்றால் அது நெருங்கி வந்து நிற்கும். இந்தச் சலுகையை அதிகம் அனுபவித்தவன் ஒட்டடை என்ற நண்பன். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், அதே ஒல்லி, வருகிறேன் என்று சொல்லிவிட்டு டிமிக்கி கொடுப்பதில் மன்னன். போன மழைக்காலத்தில், அதிசயமாக ஆட்டத்துக்குக் கிளம்பிய ஒரு நாளில், பைக் சறுக்கிச் செத்துப்போனான். அதற்கப்புறமும் அவன் காயை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஆன்லைன் ஆட்டத்திலும் அவனைச் சேர்த்தாள். நண்பர்கள் சோதனைக்காக ஆடும்போது திரையில் அவன் உருவம் கடைசி ஆளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நடக்கும். ஆட்டம் முடிந்து எல்லோரும் வெளியேறிய பிறகு, சர்வரைச் சரிபார்த்துவிட்டுக் கடைசியாக வெளியேறுவது அவள்தான்.

விளக்கைப் பார்த்த அன்றிலிருந்து வீடு சரியில்லை. தனியாக இருப்பதால் வீட்டுச் சத்தமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்தால் செருப்பின் சரசரப்பு, ஃபிரிட்ஜின் உறுமல், பக்கத்து வீட்டு டிவியின் முணுமுணுப்பு, எல்லாவற்றுக்கும் அடியில், அவள் கால் ஊன்றிய பிறகு சற்றுத் தாமதமாக இன்னொரு கால் ஊன்றும் சத்தம். அவள் நின்றால் அது நிற்பதில்லை. இன்னும் ஓரிரு எட்டு வைக்கும். பிறகு முதுகுக்குப் பின்னால் மழையில் நனைந்த தோல் ஜாக்கெட்டின் வாடையும் பெட்ரோல் நெடியும் கலந்து வரும். திரும்பினால் சுவர்தான்.

உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் பிடரியில் ஈரம் படுகிறது. நின்றுகொண்டே சாப்பிட்டாள். நடந்துகொண்டே போன் பேசினாள். ராத்திரியெல்லாம் கூடத்துக்கும் சமையலறைக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தாள். கால் வீங்கியது. கண் சொருகியது. சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண்ணை மூடினாள். காதருகே யாரோ குனிந்தார்கள். மறுபடி நடந்தாள்.

நடந்துகொண்டிருக்கும்போதுதான் புரிந்தது. முன்னால் போகிறவர் நின்றால் அது நெருங்கி வந்து நிற்கும். அவளே எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பியை அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். வெளியே நல்ல வெயில். அவன் வந்தபோது அவள் மேசைகளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா, டாக்டர் நடக்கச் சொன்னாரா?"

"மேசையில ஆடும்போது ஆட்டத்தை எப்படிடா முடிப்பே?"

"முடிக்கிறதுன்னா?"

"கடைசியா என்ன செய்வே? ஒண்ணு விடாம சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தான். "காயெல்லாம் பெட்டியில போடுவேன். போதும், எல்லாரும் தூங்குங்கன்னு சொல்லி மூடுவேன். அது சும்மா பழக்கம்க்கா. விதி கிடையாது."

விதி இல்லாததால் அவன் சொல்லவில்லை. சொல்லாததால் அவள் எழுதவில்லை. மேசையில் ஒட்டடையை ஒவ்வொரு தடவையும் யாரோ தூங்கவைத்தார்கள். இங்கே எல்லோரும் அவனை விழிப்பாகவே விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அவன் கடைசியாகப் போனவளின் பின்னாலேயே வந்துவிட்டான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேலி செய்வான் என்று நினைத்தாள். அவன் அவள் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நான் வழக்கமா செய்யறதுதானே. நீ வெளிய போ. நான் கடைசியா இருந்து தூங்க வைக்கிறேன்."

அவள் நின்றபடியே, காய்களைப் பெட்டியில் போட்டு மூடும் கட்டளையை எழுதினாள். இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. இருவரும் ஆட்டத்துக்குள் போனார்கள், அவள் தன் பாத்திரமாக, அவன் கதைசொல்லியாக. திரையில் அவளுக்குப் பின்னால் ஒட்டடை நின்றான். இரண்டு கட்டம் அல்ல, ஒட்டிக்கொண்டு.

அவள் ஆட்டத்திலிருந்து வெளியேறினாள்.

முதுகு லேசானது. இறக்கிவைத்த சுமைபோல அது போய்விட்டது, பிடரி காய்ந்தது, ஜன்னல் வழியாக வெயிலின் வாசனை மட்டும் வந்தது. அவள் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த மேசையில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த தம்பி கட்டளையைத் தட்டினான்.

"போதும்," என்றான். "எல்லாரும் தூங்குங்க."

திரையில் சுரங்கம் காலியாக இருந்தது. பெட்டியும் காலி. ஒட்டடை எங்கும் இல்லை.

"தூங்கிட்டானாடா?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பின்னால் வருகிறவன் இரண்டு கட்டம் தள்ளி வர வேண்டும். கதைசொல்லிக்குக் கட்டமே கிடையாது. கட்டமே இல்லாதவனிடமிருந்து எப்படித் தள்ளி வருவது?

"டேய்."

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். சட்டை தோளில் இறுகியிருந்தது. காலரில் ஒரு பொத்தான் தெறித்து உருண்டது. பெட்ரோல் நெடி.

"டேய், எழுந்திரு. நட. நின்னுடாத, நட."

அவன் கைகள் மெல்ல உயர்ந்து கீபோர்டின் மேல் வந்து அமர்ந்தன. அவள் எட்டிப் பார்த்தாள். தம்பியின் விரல்கள் அவளுக்குத் தெரியும். குட்டையானவை, நகம் கடித்தவை. அவை அங்கேயே இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலிருந்தும், அதே சட்டைக் கைக்குள்ளிருந்து, இன்னொரு ஒல்லி விரல் நீண்டு வந்து, ஈரமாக, சாவகாசமாக, எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தது.